சந்தா உயர்ந்ததாகக் கடிதம் வந்தால் முதலில் என்ன செய்வது?

ஆண்டுக்கு ஒருமுறை வரும் கடிதம் அது. மருத்துவக் காப்புறுதி புதுப்பிக்கப்படுகிறது, அடுத்த ஆண்டுக்கான சந்தா இவ்வளவு என்று இரண்டு பக்கங்களில் அச்சிட்டு அனுப்புவார்கள். பலர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. மெடிசேவ் கணக்கிலிருந்து ஒரு பகுதி தானாகக் கழிந்துவிடுகிறது. மீதி வங்கிக் கணக்கிலிருந்து ஜைரோ மூலம் போய்விடுகிறது. கையெழுத்துப் போடவோ வரிசையில் நிற்கவோ தேவையில்லை. அதனாலேயே, எதற்காகக் கட்டுகிறோம் என்பதைப் பல குடும்பங்கள் பத்து ஆண்டுகளாகக் கேட்காமலேயே கட்டி வருகின்றன.

ஒருநாள் ரொக்கத் தொகை கண்ணை உறுத்தும் அளவுக்கு ஏறிவிடும். அப்போது வீட்டில் வாக்குவாதம் தொடங்கும். "எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்" என்பார் ஒருவர். "மலிவாகத் தரும் நிறுவனத்துக்கு மாறிவிடலாம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே அவசர முடிவுகள். அவற்றில் ஒன்று, ஒருமுறை செய்துவிட்டால் திரும்பி வர வழியில்லாத முடிவாகவும் ஆகிவிடலாம்.

இதைப் புரிந்துகொள்ள யீஷூனில் வசிக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவருக்கு வயது 51. சில ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. பலதுறை மருந்தகத்தில் மருந்து வாங்குகிறார். மனைவிக்கு வயது 46, நல்ல உடல்நலம். பதின்ம வயதில் இரண்டு பிள்ளைகள். உடன் வாழும் தாயாருக்கு வயது 74; இதயக் குழாய் அடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர். ஐவருக்கும் தனியார் மருத்துவமனை வரை செல்லக்கூடிய திட்டம், அதன்மேல் 'ரைடர்' எனப்படும் துணைத் திட்டம். கடிதங்களை மேசைமேல் பரப்பிக் கூட்டிப் பார்த்தபோது கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டியது மட்டும் ஆண்டுக்கு 8,400 வெள்ளி. அதாவது மாதம் 700 வெள்ளி.

தெரிந்த முகவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, நீங்க ஏன் இவ்வளவு கட்டுறீங்க? எங்க நிறுவனத்துக்கு மாறிடுங்க, பாதியாக் குறைச்சுத் தர்றேன்" என்றார். அவர் சொன்ன தொகை உண்மையாகவே குறைவுதான். ஆனால் அந்தக் குடும்பம் அன்றே விண்ணப்பத்தில் கையெழுத்திடாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டது. அந்த ஒரு வாரத்தில் அவர்கள் என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே பேசப்படும் பொருள்.

மூன்று அடுக்குகள்

சிங்கப்பூரில் ஒரு பாலிசியைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் முறை இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திட்டம். ஒவ்வொருவரின் திட்டமும் மூன்று அடுக்குகளாக இருக்கலாம்.

அடித்தளத்தில் இருப்பது மெடிஷீல்டு லைஃப். 1990ல் தொடங்கிய மெடிஷீல்டுக்குப் பதிலாக 2015 நவம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்களும் இதில் அடங்கும். கடும் நோய் உள்ளவர்கள் முதல் 10 ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்ட வேண்டியிருக்கும். ஆனால் யாரும் நிராகரிக்கப்படுவதில்லை. இந்த அடுக்குக்கான சந்தா முழுவதையும் மெடிசேவிலிருந்தே கட்டலாம். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டு வரம்பு 150,000 வெள்ளியிலிருந்து 200,000 வெள்ளிக்கு உயர்ந்தது. அரசாங்க மருத்துவமனைகளில் மானியம் பெறும் பி2, சி வார்டுக் கட்டணங்களை மனத்தில் வைத்தே இது வகுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது அடுக்கு, தனியார் நிறுவனங்கள் மெடிஷீல்டு லைஃபின் மேல் கட்டித் தரும் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம். பி1 வார்டு வரை, ஏ வார்டு வரை, தனியார் மருத்துவமனை வரை என அதில் படிகள் உண்டு. படி உயர உயரச் சந்தாவும் உயரும். சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் இத்தகைய திட்டம் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது அடுக்குதான் ரைடர். மருத்துவமனைக் கட்டணத்தில் நோயாளியின் பொறுப்பில் விடப்படும் பகுதியைக் குறைப்பது இதன் வேலை.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. மேல் அடுக்குகள் இரண்டையும் கைவிட்டாலும் அடித்தளம் போய்விடுவதில்லை. "நிறுத்தினால் ஒன்றுமே இல்லாமல் போய்விடுமே" என்ற பயத்தில் சக்திக்கு மீறிக் கட்டிக்கொண்டிருக்கும் முதியவர்கள் பலர் இதை அறிந்திருப்பதில்லை.

ரொக்கம் எங்கிருந்து ஏறுகிறது?

ஒருங்கிணைந்த திட்டத்தின் தனியார் பகுதிக்கு மெடிசேவிலிருந்து எடுக்க ஆண்டு வரம்பு உண்டு. அடுத்த பிறந்தநாளில் 40 வயது அல்லது அதற்குக் குறைவு என்றால் 300 வெள்ளி. 41 முதல் 70 வரை 600 வெள்ளி. அதற்கு மேல் 900 வெள்ளி. இந்த வரம்பு காப்புறுதி செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. தாயாரின் சந்தாவை மகனின் மெடிசேவிலிருந்து கட்டினாலும் வரம்பு தாயாரின் வயதைப் பொறுத்ததே. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளியும் ரொக்கம். ரைடருக்கோ மெடிசேவைப் பயன்படுத்தவே முடியாது, முழுவதும் ரொக்கம்தான்.

இந்த விதியை யீஷூன் குடும்பத்தின் கடிதங்களோடு பொருத்திப் பார்ப்போம். இங்கே வரும் சந்தாத் தொகைகள் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாறும்.

கணவருக்குத் தனியார் பகுதி 900 வெள்ளி. மெடிசேவ் 600 போக ரொக்கம் 300. ரைடர் 1,400. ஆக 1,700 வெள்ளி. மனைவிக்குத் தனியார் பகுதி 600, முழுவதும் மெடிசேவில் அடங்கிவிடுகிறது. ரைடர் 1,000 வெள்ளி மட்டும் ரொக்கம். பிள்ளைகளின் தனியார் பகுதி வரம்புக்குள் அடக்கம். ரைடருக்கு ஆளுக்கு 350 வீதம் 700 வெள்ளி. தாயாருக்குத் தனியார் பகுதி 3,300. மெடிசேவ் 900 போக ரொக்கம் 2,400. ரைடர் 2,600. ஆக 5,000 வெள்ளி.

கூட்டினால் 8,400. அதில் பாதிக்கு மேல் ஒருவருடைய திட்டத்துக்கே போகிறது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் இது தெரியாது. ஆள் வாரியாக, அடுக்கு வாரியாக ஒரு தாளில் எழுதினால்தான் தெரியும். கடிதம் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே.

ரைடர் உண்மையில் எவ்வளவு காப்பாற்றுகிறது?

ஒருங்கிணைந்த திட்டம் மட்டும் இருந்து ரைடர் இல்லாவிட்டால் நோயாளி இரண்டு தொகைகளை ஏற்க வேண்டும். ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை முதலில் கட்ட வேண்டிய 'டிடக்டிபல்' தொகை. தனியார் மருத்துவமனைத் திட்டங்களில் இது பொதுவாக 3,500 வெள்ளி. இரண்டு, அதற்குப் பிறகு மீதமுள்ள கட்டணத்தில் பொதுவாக 10 விழுக்காடு.

முன்பு இரண்டையும் ஒரு காசு விடாமல் ஏற்றுக்கொள்ளும் ரைடர்கள் இருந்தன. பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றால் தேவையற்ற பரிசோதனைகளும் அளவுமீறிய கட்டணங்களும் பெருகுகின்றன, அந்தச் சுமை அனைவருடைய சந்தாவிலும் ஏறுகிறது என்ற காரணத்தைக் காட்டி, 2018 மார்ச்சில் சுகாதார அமைச்சு விதியை மாற்றியது. புதிய ரைடர்களில் கட்டணத்தின் 5 விழுக்காட்டையாவது நோயாளியே ஏற்க வேண்டும் என்றானது. நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் சென்றால், அல்லது முன்கூட்டியே ஒப்புதல் பெற்றால், அந்தப் பங்குக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. அது 3,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது என்று வகுக்கப்பட்டது.

2025 நவம்பர் 26ஆம் தேதி அமைச்சு மீண்டும் ஒரு மாற்றத்தை அறிவித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள், அமைச்சு நிர்ணயித்த குறைந்தபட்ச டிடக்டிபல் தொகையை ஏற்க முடியாது. உச்சவரம்பும் 3,000 வெள்ளியிலிருந்து குறைந்தது 6,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதற்கு ஈடாகப் புதிய ரைடரின் சந்தா சராசரியாக ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருக்கும் என்று அமைச்சு எதிர்பார்த்தது. முன்பே ரைடர் வைத்திருந்தவர்களை அமைச்சு கட்டாயமாக மாறச் சொல்லவில்லை. ஆனால் 2025 நவம்பர் 27 முதல் 2026 மார்ச் 31 வரை பழைய வகையை வாங்கியவர்கள், 2028 ஏப்ரல் 1 முதல் வரும் புதுப்பிப்பின்போது புதிய வகைக்கு மாற வேண்டும்.

எண்களில் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். தனியார் மருத்துவமனையில் 20,000 வெள்ளிக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ரைடர் இல்லாவிட்டால் நோயாளியின் பங்கு 3,500 வெள்ளியும், மீதி 16,500ல் 10 விழுக்காடான 1,650 வெள்ளியும், மொத்தம் 5,150. டிடக்டிபலையும் ஏற்கும் பழைய ரைடர் இருந்தால் மொத்தக் கட்டணத்தில் 5 விழுக்காடு, அதாவது 1,000. புதிய ரைடர் இருந்தால் 3,500 வெள்ளியும் மீதியில் 5 விழுக்காடான 825 வெள்ளியும், மொத்தம் 4,325.

இந்த அளவிலான கட்டணத்தில் புதிய ரைடர் மிச்சப்படுத்துவது 825 வெள்ளிதான். ஆனால் கட்டணம் 200,000 வெள்ளி என்றால் கதை வேறு. ரைடர் இல்லாவிட்டால் 23,150 வெள்ளி. புதிய ரைடரில் உச்சவரம்பு 6,000 என்றால் 3,500ஐயும் சேர்த்து 9,500 வெள்ளி. பழைய ரைடரில் உச்சவரம்பான 3,000 வெள்ளியோடு முடிந்துவிடும்.

ஆகவே புதிய ரைடர் என்பது சிறு செலவுகளுக்கான குடை அன்று. பெரிய நோய் வந்து குடும்பம் சாய்ந்துவிடாமல் தாங்கும் முட்டுக்கட்டை. அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அதற்குக் கொடுக்கும் விலை தகுமா என்று சொல்ல முடியும்.

மாறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு

இப்போது முகவர் சொன்ன யோசனைக்கு வருவோம். வேறு நிறுவனத்துக்கு மாறுவது புதிதாகக் காப்புறுதி வாங்குவதற்குச் சமம். உடல்நல விவரங்களை மீண்டும் தெரிவிக்க வேண்டும். கணவரின் நீரிழிவையும் அதையொட்டிய சிக்கல்களையும் புதிய நிறுவனம் விலக்கிவைக்கலாம். தாயாரின் இதய நோய்க்கும் அதே கதி நேரலாம். அவரை முழுவதுமாக நிராகரிக்கவும் செய்யலாம். மெடிஷீல்டு லைஃப் அடுக்கில் அந்த நோய்களுக்குப் பாதுகாப்பு தொடரும். ஆனால் பணம் கட்டி வாங்கிய மேல் அடுக்கில், மிகவும் தேவைப்படும் நோய்க்கே பாதுகாப்பு இருக்காது.

இன்னொரு பொறியும் உண்டு. ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு ஒருங்கிணைந்த திட்டத்தை மட்டுமே வைத்திருக்க முடியும். புதியது தொடங்கியதும் பழையது முடிவுக்கு வந்துவிடும். புதிய நிறுவனம் எதை விலக்கியது என்பதைப் பிறகு படித்துப் பார்த்து வருந்திப் பயனில்லை. மாற விரும்புவோர், புதிய நிறுவனம் எதையும் விலக்காமல் ஏற்றுக்கொண்டதா என்பதை எழுத்தில் பெற்ற பிறகே திட்டத்தைத் தொடங்கச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் நோயை மறைப்பது இன்னும் ஆபத்து. சந்தா கட்டும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். கோரிக்கை வைக்கும்போதுதான் மருத்துவப் பதிவுகளைக் கேட்பார்கள்.

அதே நிறுவனத்தில் ஒரு படி கீழே இறங்குவது வேறு விஷயம். தனியார் மருத்துவமனைத் திட்டத்திலிருந்து ஏ வார்டுக்கோ பி1 வார்டுக்கோ இறங்குவதற்குப் பொதுவாக மீண்டும் உடல்நலப் பரிசீலனை இருப்பதில்லை. ஏற்கெனவே பாதுகாப்பில் இருந்த நோய்கள் தொடர்ந்து பாதுகாப்பில் இருக்கும். ஆனால் மீண்டும் மேலே ஏற வேண்டுமானால் பரிசீலனை உண்டு. நோயுள்ளவருக்கு இது கீழே இறங்க மட்டும் உதவும் ஏணி என்றே கொள்ள வேண்டும். இறங்கும்போது பழைய ரைடரின் விதிகள் தொடருமா, புதிய வகை ரைடர்தான் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐந்து பேருக்கும் ஒரே திட்டம் எதற்கு?

யீஷூன் வீட்டில் அந்த வாரக் கடைசியில் உட்கார்ந்து பேசினார்கள். அம்மாவின் திட்டத்தைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று மகனுக்குத் தயக்கம். "வயசான காலத்துல அம்மாவுக்குக் கட்டுற காசைக் குறைக்கிறான்" என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்ற எண்ணம். தாயாரே பேச்சைத் தொடங்கி வைத்தார். "எனக்கு எதுக்குய்யா தனி அறை? பக்கத்துக் கட்டில்ல நாலு பேர் பேச்சுக் குரல் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். என் டாக்டர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலதானே இருக்காரு?"

அவர் சொன்னதில்தான் விடை இருந்தது. அவர் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்கு மானியம் பெறும் நோயாளியாகச் சென்று வருகிறார். மருத்துவமனையில் சேர்ந்தபோதும் பி2 வார்டில்தான் இருந்தார். போகவே போகாத இடத்துக்கு ஆண்டுக்கு 5,000 வெள்ளி ரொக்கம் கட்டப்பட்டு வந்திருக்கிறது.

மேலும் அவர் மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்தவர். அவருக்கு மெடிஷீல்டு லைஃப் சந்தாவில் கூடுதலாக 5 விழுக்காடு கழிவு உண்டு. 75 வயதுக்குப் பிறகு அது 10 விழுக்காடு. இந்தச் சலுகை அடித்தள அடுக்குக்குத்தான். தனியார் பகுதிக்குக் கிடையாது.

தாயாரை அதே நிறுவனத்தின் பி1 வார்டுத் திட்டத்துக்கு இறக்கி, ரைடரை நிறுத்த முடிவானது. அந்தத் திட்டத்தின் தனியார் பகுதி 700 வெள்ளி என்றால் 900 வெள்ளி வரம்புக்குள் அடங்கிவிடும். ரொக்கம் இல்லை.

கணவரின் திட்டத்தை இந்த ஆண்டு தொடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். குடும்பத்தின் முதன்மை வருமானம் அவருடையது. நீரிழிவு உள்ள அவர், விட்டதைத் திரும்பப் பெற முடியாது. அவருக்கு 1,700 வெள்ளி தொடர்கிறது. மனைவியும் பிள்ளைகளும் அரசாங்க மருத்துவமனை ஏ வார்டு வரையிலான திட்டத்துக்கு இறங்கி, அதற்கேற்ற ரைடரை வைத்துக்கொண்டார்கள். மனைவிக்கு 400, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100 என்று கொள்வோம். மொத்த ரொக்கம் 2,300 வெள்ளி. முன்பு கட்டிய 8,400ல் 6,100 வெள்ளி மிச்சம்.

இது ஒன்றே சரியான முடிவு என்பதில்லை. தனியார் மருத்துவரைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும், காத்திருக்க முடியாது என்று நினைப்பவர்கள் அதற்கான விலையைக் கொடுக்கலாம். ஆனால் அந்த விலையை 80 வயதிலும் கொடுக்க முடியுமா என்று இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏறச் சந்தா எப்படி உயர்கிறது என்ற அட்டவணை நிறுவனத்தின் ஏட்டில் உண்டு. பல நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிடும் அட்டவணை சுகாதார அமைச்சின் இணையத்தளத்திலும் உண்டு. இந்த ஆண்டுச் சந்தாவை மட்டும் ஒப்பிடாமல், 60, 70, 80 வயதுகளுக்கான வரிகளையும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

கவனத்தில் வைக்க வேண்டிய வேறு சில

வேலையிடம் தரும் காப்புறுதியை நம்பிச் சொந்தத் திட்டத்தை விட்டுவிடுவோர் உண்டு. வேலை போனால் அதுவும் போகும். ஓய்வு பெறும் வயதில் புதிதாக வாங்க முயன்றால் அதற்குள் நோய்கள் சேர்ந்திருக்கும். அதேபோல், இரண்டு காப்புறுதிகள் இருந்தால் ஒரே கட்டணத்துக்கு இரண்டு முறை பணம் கிடைக்கும் என்பதும் தவறு. செலவான தொகைக்கு மேல் கிடைக்காது.

இந்தியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ திருமணமாகி வந்து நீண்டகால வருகை அனுமதி அட்டையில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ மெடிஷீல்டு லைஃப் கிடையாது. குடும்பத்தில் மிகக் குறைந்த பாதுகாப்பு அவருக்குத்தான். மற்றவர்களின் திட்டத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் அவருக்குத் தனியே ஒரு காப்புறுதி வாங்க முடியுமா என்று பார்ப்பது, மற்றவர்களுக்குத் தனி அறை தேடுவதைவிட முக்கியம்.

பி1 வார்டுத் திட்டம் வைத்துக்கொண்டு தனியார் மருத்துவமனைக்குச் சென்றால், கட்டணத்தில் ஒரு விகிதம் மட்டுமே கோரிக்கைக்கு ஏற்கப்படும். ஆகவே திட்டத்தை இறக்கினால், எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்பதை வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அவசர நேரத்தில் முடிவெடுப்பவர் மகளாகவோ மருமகனாகவோ இருக்கலாம். திட்டத்தின் பெயரையும் வார்டு வகையையும் ஒரு சீட்டில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பதுகூட நல்ல யோசனைதான்.

கடைசியாக, மிச்சம் பிடித்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டாமல் விட்ட சந்தா தானாகச் சேமிப்பு ஆகிவிடாது. அது விடுமுறைப் பயணத்திலும் தீபாவளிச் செலவிலும் கரைந்துபோனால், மருத்துவமனை வாசலில் நிற்கும்போது கையில் காப்புறுதியும் குறைவு, பணமும் இல்லை என்றாகிவிடும். யீஷூன் குடும்பம் மிச்சமான 6,100 வெள்ளியில் 3,500 வெள்ளியை ஒரு தனிக் கணக்கில் போட்டு வைத்தது. கணவர் திட்டத்தின் டிடக்டிபல் அளவே அந்தத் தொகை. யாருக்கு நோய் வந்தாலும் முதல் கட்டணத்துக்கு யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டும் கடிதம் வரும். அந்தத் தாளை எடுத்து எண்களை மாற்றி எழுதினால் போதும். ஒரு மாலை நேரம், ஒரு பேனா, வீட்டுப் பெரியவர்களோடு மனம்விட்டு ஒரு பேச்சு. நல்ல காப்புறுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவை இவ்வளவுதான்.